அப்பாயியின் தகரப்பெட்டி

இந்த வாரம் சம்பா நடவு பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வந்து போனதுல மனசு வேற பக்கம் போயிடுச்சு.

எங்க ஊர் கொள்ளிடத்துக்கு வடகரை, ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். ஊர்ல ஏறக்குறைய பாதி வீடு வேதக்காரங்க. நாங்களும் அதுல ஒரு குடும்பம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போய் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடிச்சு, மறுநாள் பூ வெச்சு மெழுகுவத்தி ஏத்துவோம். இந்த வருஷம் சென்னையிலேர்ந்து அக்கா மகன் வந்திருந்தான். பூசை முடிஞ்சு திரும்பி வர்றப்ப கேட்டான்: "மாமா, நல்ல மரணத்துக்கு ஆயத்தமா இருங்கன்னு சாமியார் சொல்றாரே, அதுக்கு என்னதான் பண்ணணும்? இன்சூரன்ஸ் போட்டு வெச்சாப் போதாதா?"

கேலியாத்தான் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஆனா அந்தக் கேள்வி என் அப்பாயியோட தகரப்பெட்டியை ஞாபகப்படுத்திடுச்சு.

அப்பாயி கட்டிலுக்கு அடியில ஒரு சின்னத் தகரப்பெட்டி வெச்சிருந்துச்சு. அதை நாங்க தொடக்கூடாது. ஒருநாள் அதுவே திறந்து காட்டுச்சு. உள்ளே ஒரு வெள்ளைச் சேலை, வேளாங்கண்ணியிலேர்ந்து வாங்கி வந்த ரெண்டு மெழுகுவத்தி, ஒரு குப்பியில தீர்த்தம், பாடுபட்ட சுரூபம் ஒண்ணு, சுருக்குப்பையில கொஞ்சம் பணம். "பணம் எதுக்கு அப்பாயி?"ன்னு கேட்டேன். "குழி வெட்டுறவனுக்கு. என்னால யாரும் கடன் வாங்கக் கூடாது." மெழுகுவத்தி எதுக்குன்னேன். "உசுரு போறப்ப என் கையில புடிக்க வைக்கணும், மறந்துடாதே." இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

நான் எட்டாவது படிக்கறப்ப அப்பாயி செத்துப் போச்சு. கையில அந்த மெழுகுவத்தி இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டு இருந்தது உபதேசியார். சாமியார் பங்குக் கோயில்லேர்ந்து பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

இந்தப் பெட்டி அப்பாயிக்கு எங்கேர்ந்து வந்துச்சு? யார் சொல்லிக் கொடுத்தாங்க? பங்குச் சாமியார்கிட்ட கேட்டேன். அவர் சில புத்தகம் கொடுத்தாரு. நான் பன்னிரண்டாவதோட நிறுத்தினவன், ராத்திரியில மெதுவாத்தான் படிக்க முடிஞ்சுது. படிச்சதுல புரிஞ்சதை எழுதுறேன்.

கொள்ளைநோய்க் காலம்

1347ல ஐரோப்பாவுக்குள்ள ஒரு கொள்ளைநோய் நுழைஞ்சுது. அதுக்குக் கறுப்புச் சாவுன்னு பேரு. நாலு அஞ்சு வருஷத்துல அந்தக் கண்டத்து ஜனத்துல மூணுல ஒரு பங்குக்குக் குறையாம செத்துப் போனாங்க. சாவு வீட்டுக்குப் போய் ஜெபிச்ச சாமியார்களும் கூடவே செத்தாங்க. நோயாளி பக்கத்துல உட்கார்ந்தா தொத்திக்கும்னு தெரிஞ்சே போனவங்க பலர். போகப் பயந்து ஒதுங்கினவங்களும் உண்டு.

அந்தக் காலத்து ஆளுக்கு இது எவ்வளவு பெரிய இடின்னு நமக்கு லேசுல புரியாது. சாவுறப்ப சாமியார் வரணும், பாவசங்கீர்த்தனம் கேட்கணும், எண்ணெய் பூசணும், நன்மை கொடுக்கணும். இதெல்லாம் இல்லாம செத்தா ஆத்துமா என்ன ஆகுமோங்கிற பயம். ஊருக்கு ஊர் பிணம் விழுது, சாமியார் இல்லை. என்ன செய்யறது?

இங்கிலாந்துல பாத், வெல்ஸ் பகுதிக்கு ஆயரா இருந்தவர் ஷ்ரூஸ்பரி ரால்ஃப். 1349 ஜனவரியில அவர் ஒரு கடிதம் எழுதினாரு. சாவுற நேரத்துல சாமியார் கிடைக்கலைன்னா பக்கத்துல இருக்கற எந்த மனுஷன்கிட்டயும் பாவத்தைச் சொல்லலாம், ஆம்பளை யாரும் இல்லாட்டி ஒரு பெண்ணுகிட்ட கூட சொல்லலாம்னு. 670 வருஷத்துக்கு முந்தி இப்படி ஒரு ஆயர் எழுதினாருங்கறதை நான் ரெண்டு தடவை திருப்பிப் படிச்சேன். வேற வழியில்லாம எழுதினதுதான். ஆனாலும் சாவுப் படுக்கை பக்கத்துல உட்கார்ற வேலை அன்னிக்கு ஊர் ஜனத்தோட கைக்கு வந்துச்சு.

படம் போட்ட புத்தகம்

அடுத்த அறுபது எழுபது வருஷத்துல ஒரு சின்னப் புத்தகம் பிறந்துச்சு. லத்தீன்ல 'ஆர்ஸ் மொரியெந்தி'ன்னு பேரு. சாகும் கலைன்னு அர்த்தம். 1415 வாக்குல எழுதினது, எழுதினவர் பேர் தெரியாது. பாரிஸ்ல இருந்த ஜான் ஜெர்சன்ங்கிற குரு எழுதினதை அடிப்படையா வெச்சு எழுதினதுன்னு சொல்றாங்க.

1450 வாக்குல அதோட சுருக்கம் படத்தோட வந்துச்சு. ஒவ்வொரு பக்கத்தையும் மரக்கட்டையில செதுக்கி மை தடவி அச்சடிச்சது. மொத்தம் 11 படம். எழுத்துத் தெரியாதவனும் படத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடிச்சுக்கலாம்.

படத்துல என்ன? ஒரு ஆள் கட்டில்ல கிடக்கான். சுத்தி பிசாசுங்க நிக்குது. சாவுறவனுக்கு அஞ்சு சோதனை வரும்னு புத்தகம் சொல்லுது. முதல் சோதனை, இத்தனை நாள் நம்பினது பொய்யோன்னு தடுமாறுறது. ரெண்டாவது, நான் செஞ்ச பாவத்துக்கு மன்னிப்பே கிடையாதுன்னு மனசு உடைஞ்சு போறது. மூணாவது பொறுமை போறது. அந்தப் படத்துல நோயாளி பக்கத்துல நிக்கறவனை காலால உதைக்கிறான், மேசை கவிழ்ந்து கிடக்கு. படுத்த படுக்கையா கிடக்கறவங்களைப் பார்த்துக்கிட்டவங்களுக்கு இந்தப் படம் நல்லாப் புரியும். நாலாவது, நான் எவ்வளவு நல்லவன்னு தற்பெருமை. பிசாசுங்க அவனுக்குக் கிரீடம் நீட்டுதுங்க.

அஞ்சாவதுதான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு எழுதினது. பற்று. பிசாசு நோயாளிக்கு அவன் வீட்டைக் காட்டுது, நிலவறையில அடுக்கியிருக்கற திராட்சரசப் பீப்பாயைக் காட்டுது, லாயத்துக்குப் போற குதிரையைக் காட்டுது, சொந்தபந்தத்தைக் காட்டுது. குதிரைக்குப் பதிலா டிராக்டரையும், பீப்பாய்க்குப் பதிலா நெல்மூட்டையையும் வரைஞ்சா எங்க ஊர்ப் படம் ஆயிடும்.

ஒவ்வொரு சோதனைக்கும் அடுத்த படத்துல சம்மனசு வந்து தைரியம் சொல்லும். கடைசிப் படத்துல உயிர் ஒரு சின்னக் குழந்தை மாதிரி வெளியே வருது. அதுல, பக்கத்துல நிக்கற குரு சாவுறவன் கையில எரியற மெழுகுவத்தியைப் பிடிக்க வைக்கிறார். அதைப் பார்த்ததும் நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லத்தீனும் தெரியாது, 1450ம் தெரியாது. ஆனா அந்த மெழுகுவத்தி அதுகிட்ட இருந்துச்சு.

இன்னொரு விஷயமும் அந்தப் புத்தகத்துல இருக்கு. சாவுறவனுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்காதேங்குது. உடம்பு தேறிடும், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச் சொல்லியே அவனை ஆயத்தம் இல்லாம அனுப்பிடாதேங்குது. அதுக்கும் முந்தி, 1215லேயே லாத்தரன் சங்கத்துல ஒரு சட்டம் போட்டிருக்காங்க. வைத்தியர் நோயாளியைப் பார்க்கப் போனா முதல்ல சாமியாரை அழைச்சுக்கச் சொல்லணும்னு. காரணத்தையும் சொல்றாங்க. நோய் முத்தின பிறகு சாமியாரைக் கூப்பிடுன்னு சொன்னா, ஐயோ நான் சாகப் போறேன்னு நோயாளி மனசு விட்டுடுவான். ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் சொல்லிட்டா அந்தப் பயம் இருக்காது. ஆளோட மனசைத் தெரிஞ்சவங்கதான் இந்தச் சட்டத்தைப் போட்டிருக்கணும்.

ராத்திரிக்கு 53 தடவை

கொள்ளைநோய் போன பிறகும் அந்தப் பயமும் பழக்கமும் போகல. நாங்க சொல்ற மங்கள வார்த்தை ஜெபத்தோட பின்பாதியில, இப்பவும் சாவு நேரத்துலயும் எங்களுக்காக வேண்டிக்கம்மான்னு மாதாகிட்ட கேட்கறது வரும். அந்தப் பின்பாதி மெதுமெதுவா ஜனங்க வாயில சேர்ந்து வந்தது. 1568ல ஐந்தாம் பயஸ் பாப்பரசர் வெளியிட்ட ஜெபப் புத்தகத்துல இப்ப இருக்கற வடிவத்துக்கு வந்துச்சு.

ஒரு ஜெபமாலையில அந்த ஜெபம் 53 தடவை வரும். ராத்திரி சோறு வடிக்கறதுக்கு முந்தி எங்க வீட்டுல எல்லாரும் முட்டி போட்டு அதைச் சொல்லுவோம். பாதி தூக்கத்துல சொல்லியிருக்கேன், கொசு அடிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். ஒவ்வொரு ராத்திரியும் 53 தடவை என் சாவைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்னு இப்பத்தான் உறைச்சுது.

சண்டைக்காரங்க ஒத்துப்போன இடம்

1517க்குப் பிறகு கிறிஸ்தவம் ரெண்டா உடைஞ்ச கதை உங்களுக்குத் தெரியும். மார்ட்டின் லூதர் 1519ல சாவுக்கு ஆயத்தப்படுறதைப் பத்தி ஒரு சின்னப் பிரசங்கம் எழுதினாரு. அப்ப அவருக்கு 35, 36 வயசு. நான் பரலோகம், தேவதூதர்னு ஆரம்பிப்பாருன்னு நினைச்சேன். அவர் ஆரம்பிச்சது சொத்துல. முதல்ல உன் சொத்தைத் தெளிவா ஏற்பாடு பண்ணு, நீ போன பிறகு சொந்தக்காரங்க அடிச்சுக்கக் கூடாதுங்கறாரு. ரெண்டாவது, உனக்குக் கெடுதல் செஞ்சவங்களை மன்னிச்சிடு, நீ கெடுதல் செஞ்சவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்கறாரு. இது ரெண்டும் முடிஞ்ச பிறகுதான் கடவுள் பக்கம் திரும்பச் சொல்றாரு. சாவை அவர் பிரசவத்தோட ஒப்பிடுறாரு. குழந்தை இடுக்கமான வயித்துலேர்ந்து வலியோட வெளியே வந்து பெரிய உலகத்தைப் பார்க்குதுல்ல, அது மாதிரின்னு.

எதிர்ப்பக்கம் பார்த்தா ராபர்ட் பெல்லார்மின். கத்தோலிக்கக் கர்தினால், சேசுசபைக்காரர். லூதர் பக்கத்து ஆளுங்களோட ஆயுசு முழுக்க எழுத்துச் சண்டை போட்டவர். நல்லா சாகும் கலைன்னு அவரும் ஒரு புத்தகம் எழுதினாரு. 1620ல வந்துச்சு, அடுத்த வருஷமே அவர் இறந்துட்டாரு. அவர் சொல்ற முதல் விதி ரொம்பச் சாதாரணமானது. நல்லா சாகணும்னா நல்லா வாழணும். கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதே, திடமா இருக்கறப்பவே ஆரம்பிங்கறாரு. 1648ல ரோமாபுரியில சேசுசபைக்காரங்க நல்மரண சபைன்னு ஒண்ணும் தொடங்கினாங்க. திடமா இருக்கறவங்க கூடி, சாவைப் பத்தி யோசிச்சு ஜெபிக்கறதுக்கு.

கடவுள் காரியத்துல ஒத்து வராத ரெண்டு பக்கமும் சாவுக்குக் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதேங்கறதுல ஒத்துப் போச்சு.

இது கொள்ளிடக் கரைக்கு வந்த கதை

அந்தப் பெல்லார்மினுக்கு உறவுக்காரர் ஒருத்தர் 1606ல மதுரைக்கு வந்தாரு. ராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதகர்னு நம்ம ஆளுங்க அவரைச் சொல்லுவாங்க. அவர் தொடங்கின மதுரை மிஷன்ல பின்னாடி வந்து சேர்ந்தவர்தான் வீரமாமுனிவர். 1680ல இத்தாலியில பிறந்தவர், 1747ல இறந்தார். எங்க ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர்னு பேர் வெச்சு, அடைக்கல மாதா கோயில்ல இருந்தவர்.

உங்கள்ல நிறைய பேர் பள்ளிக்கூடத்துல அவரோட தேம்பாவணி பத்திப் படிச்சிருப்பீங்க. 1726ல முடிச்ச காப்பியம், 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. அதுக்கு நாயகன் இயேசு இல்லை, சூசையப்பர். காப்பியத்துல வளன்னு பேரு. தமிழ்ல இவ்வளவு பெரிய காப்பியத்துக்கு ஒரு தச்சரை நாயகனா வெச்சாரே, ஏன்? சேசுசபைக்காரங்களுக்குச் சூசையப்பர் மேல தனிப் பக்தி உண்டு. சூசையப்பர்தான் நல்மரணத்துக்குப் பாதுகாவலர்.

இதுவும் ஒரு பழைய கதை. சூசையப்பர் எப்படி இறந்தார்னு வேதாகமத்துல ஒரு வரி கிடையாது. ஆனா எகிப்து நாட்டுக் கிறிஸ்தவங்ககிட்ட தச்சன் சூசையின் சரித்திரம்னு ஒரு பழம் நூல் இருந்துச்சு. வேதாகமத்துல சேராதது. அதுல சூசையப்பருக்கு 111 வயசு. சாவு வருதுன்னு தெரிஞ்சதும் அவர் நடுங்குறாரு, புலம்புறாரு. இயேசு தலைமாட்டுல உட்கார்றாரு, மாதா கால்மாட்டுல உட்கார்றாங்க. அவ்வளவு நல்ல மனுஷரே பயந்தாருன்னு எழுதி வெச்சது எனக்குப் பிடிச்சிருக்கு. பயப்படுறது பாவம் இல்லைன்னு ஆயிடுதுல்ல. பக்கத்துல ஆள் இருந்தாங்க, அதுதான் நல்ல சாவு. தேம்பாவணியிலயும் வளன் நோயில விழறதும் சாவறதும் வருது. எங்க கோயில்ல சூசையப்பர் படுக்கையில கிடக்கற படம் ஒண்ணு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. புதன்கிழமை புதன்கிழமை அப்பாயி அதுக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கும்.

ஆனா காப்பியம் படிச்சு ஊர் ஜனம் சாகக் கத்துக்கல. கத்துக் கொடுத்தது உபதேசியாருங்க. மதுரை மிஷன்ல சாமியார் எண்ணிக்கை எப்பவும் ரொம்பக் கம்மி. ஒரு சாமியாருக்கு எத்தனையோ ஊர். கொள்ளைநோய்க் காலத்து ஐரோப்பாவுல நடந்த மாதிரியே இங்கேயும், சாவு வந்தா சாமியார் தூரத்துல இருப்பார். வெள்ளம் வந்து கொள்ளிடம் கரை புரண்டா அக்கரையிலேர்ந்து யாரும் வர முடியாது. உபதேசியார்தான் வருவாரு. அவங்க எப்படி நடந்துக்கணும்னு சொல்ல வேதியர் ஒழுக்கம்னு தனியா ஒரு நூலே வீரமாமுனிவர் எழுதியிருக்காரு.

1773ல பாப்பரசர் சேசுசபையையே கலைச்சுட்டாரு. 1814ல திரும்ப அனுமதிச்சாங்க. ஆனா மதுரைப் பக்கம் அவங்க திரும்பி வந்து சேர்றதுக்குள்ள 1830கள் முடியப் போகுது. இடையில அறுபது வருஷத்துக்கு மேல. கோவா, புதுச்சேரி பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சாமியாருங்க பார்த்துக்கிட்டாங்க, போதல. அந்தக் காலம் முழுக்க எங்க பாட்டன் பூட்டன் பலபேர் சாமியார் முகம் பார்க்காமலேதான் செத்திருப்பாங்க. அவங்களுக்கு இருந்தது ஒரு உபதேசியார், ஒரு சுரூபம், மனப்பாடம் பண்ணின ஜெபம், பக்கத்து வீட்டு ஜனம். அப்பாயியோட பெட்டி அங்கேர்ந்துதான் வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது.

எல்லாத்தையும் உயர்த்தியே சொல்லிடக் கூடாது. நரகத்தைச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தினதும் உண்டு. ஒரு ஜபத்துல எரியற நெருப்பைக் கேட்டுட்டு நான் சின்ன வயசுல அழுதிருக்கேன். மேல்லோகத்துல எல்லாரும் ஒண்ணுன்னு பாடிட்டு, கல்லறையில சாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்ச ஊர்களும் நம்ம நாட்டுல இருக்கு. சாகத் தெரிஞ்சவங்களுக்கு சேர்ந்து புதையத் தெரியல.

அப்பா செத்தது

1994 தை மாசம், சம்பா அறுப்பு நேரம். அப்பாவுக்கு நுரையீரல்ல கோளாறு. தஞ்சாவூர்ல டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப் போங்கன்னுட்டாரு. அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல்ல கேட்டது என் பள்ளிக்கூட நோட்டு ஒண்ணு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாட்டுத் தரகருக்கு 300 ரூபாய். நடவுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ரெண்டு நாள் கூலி பாக்கி. விதைநெல் ரெண்டு மரக்கால் ஒருத்தருக்கு.

கடைசியா, மேலண்டை வயல்காரரைக் கூட்டி வரச் சொன்னாரு. அவர் வேதக்காரர் இல்லை, எங்க ஊர்ப் பெருமாள் கோயில் திருவிழாவை முன்னால நின்னு நடத்துறவர். வந்து கட்டில் பக்கத்துல உட்கார்ந்தாரு. அப்பா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாரு: "மழையில்லாத வருஷம் ராத்திரியில உன் மடையைத் திறந்து எங்க வயலுக்குத் தண்ணி விட்டேன்யா. மூணு ராத்திரி." அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, "தெரியும்யா. நான் ரெண்டு ராத்திரி உன் மடையை அடைச்சேன். ஒரு ராத்திரி நீ எனக்குப் பாக்கி. விடு, நீ நிம்மதியா இரு"ன்னாரு. அப்பா சிரிச்சாரு. இருமல் வந்துடுச்சு.

மறுநாள் சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தாரு. மூணாம் நாள் விடியக்காலையில அப்பா போயிட்டாரு. வீடு நிறைய ஜனம். அம்மா மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்ப எனக்கு இது பெரிய விஷயமாத் தெரியல, சாவுன்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

பெரியப்பா செத்தது

அவஸ்தைப் பூசுதல்ங்கற பேரே இப்ப மாறிடுச்சு. எண்ணெய் பூசறது யாக்கோபு நிருபத்துலேயே இருக்கற பழக்கம், அங்கே அது நோயாளிக்கு. போகப் போக சாவுறவனுக்கு மட்டும்னு ஆகிப் போச்சு. சாமியார் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே ஆள் முடிஞ்சான்னு அர்த்தம். ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972ல ஆறாம் பவுல் பாப்பரசர் அதைத் திருத்தினாரு. இப்ப நோயில் பூசுதல்னு பேரு. கடும் நோய்ல இருக்கற யாரும் வாங்கலாம், திரும்பவும் வாங்கலாம். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்துல வேற தாவர எண்ணெயும் வெச்சுக்கலாம். நல்ல திருத்தம்தான். ஆனா அதே காலத்துல சாவு வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு.

பெரியப்பா, அதாவது அப்பாவோட அண்ணன், ஏழு வருஷம் முந்தி நெஞ்சு வலின்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்ந்தாரு. ஒம்பது நாள் ஐசியூ. ஒரு நாளைக்கு ஒருத்தர், பத்து நிமிஷம். சாமியார் வந்தப்ப நேரம் முடிஞ்சுதுன்னு காவலாளி விடல, அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு ஜெபிச்சுட்டுப் போனாரு.

ஆறாம் நாள் நான் உள்ளே போனேன். வாயில குழாய், பேச முடியாது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாரு. விரலால படுக்கை விரிப்பு மேல ஒரு கோடு இழுத்தாரு. திரும்ப ஒரு கோடு. என் முகத்தைப் பார்த்தாரு. எனக்குப் புரிஞ்சுது. எங்க வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவுல உள்ள வரப்பு. அப்பாவும் அவரும் வாய்ப்பேச்சுல பாகம் பிரிச்சுக்கிட்டது, பத்திரம் கிடையாது. அதைப் பத்தி ஏதோ சொல்ல வந்தாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையைப் பிடிச்சு விரிப்புக்குள்ள வெச்சு, "ஒண்ணும் கவலைப்படாதீங்க பெரியப்பா, சரியாயிடும்"னேன். ஒரு காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் மகனைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டிருக்கலாம். செய்யல. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுதக் கூச்சமா இருக்கு. அவர் சொல்லப் போறது எனக்கு ஆதாயமா இருக்காதோன்னு ஒரு நினைப்பு. அந்த அஞ்சாவது படத்துல கட்டில்ல கிடக்கறவனுக்கு மட்டும்தான் சோதனைன்னு வரைஞ்சிருக்காங்க. பக்கத்துல நிக்கறவனுக்கும் அது வரும்.

மூணு நாள் கழிச்சு ராத்திரி போன் வந்துச்சு. கையில மெழுகுவத்தி இல்லை, பக்கத்துல யாரும் இல்லை.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் அண்டை வெட்டுறப்ப சண்டை. பெரியப்பா மகன், எனக்குத் தம்பி முறை, நான் ஒரு சாண் உள்ளே வந்துட்டேங்கறான். நான் இல்லைங்கறேன். நாலு வருஷமா பேச்சு இல்லை. கோயில்ல அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். சமாதானம் சொல்ற நேரத்துல ரெண்டு பேரும் வேற பக்கம் திரும்பிக் கும்பிடுவோம்.

இப்போ

லூதர் சொன்ன அந்த முதல் விஷயத்தைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. காலையில தம்பி வீட்டுக்குப் போனேன். திண்ணையில உட்கார்ந்து, ஐசியூல பெரியப்பா கோடு இழுத்ததைச் சொன்னேன். ஏழு வருஷமா யார்கிட்டயும், என் சம்சாரத்துகிட்ட கூட சொல்லாதது. அவன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான். "அப்பவே ஏண்ணே சொல்லல?"ன்னான். பதில் இல்லை என்கிட்ட. உள்ளேர்ந்து டீ வந்துச்சு. குடிச்சோம். தை அறுப்பு முடிஞ்சதும் சர்வேயரை வெச்சு அளந்துக்கலாம்னு பேசியிருக்கோம். யார் பக்கம் வரும்னு தெரியாது. எந்தப் பக்கம் வந்தாலும் எழுதிப் பதிஞ்சுடறதுன்னு முடிவு. முழுசாச் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை சமாதானம் சொல்றப்ப அவன் என் பக்கம் திரும்பினான்.

அக்கா மகனுக்குப் போன் பண்ணி, இதுதாண்டா நீ கேட்டதுக்குப் பதில்னு சொன்னேன். இன்சூரன்ஸ் இருக்கட்டும், நல்லதுதான். அதோட யாருக்கு என்ன பாக்கின்னு ஒரு நோட்டுல எழுதி வை. யார்கிட்ட பேசாம இருக்கியோ அவங்ககிட்ட போய்ப் பேசு. உன் பக்கத்துல உட்காரப் போறது யாருன்னு யோசிச்சு வை. சம்சாரம் கிண்டல் பண்ணினாலும் நானும் ஒரு தகரப்பெட்டி வாங்கிட்டேன். இப்போதைக்கு உள்ளே கூட்டுறவு சங்கக் கடன் ரசீது, ஒரு நோட்டு, ரெண்டு மெழுகுவத்தி.

உங்க வீட்டுல பெரியவங்க யாராவது படுக்கையில இருந்து ஏதோ சொல்ல வந்தாங்கன்னா, சரியாயிடும்னு சொல்றதுக்கு முந்தி ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கிட்டு பக்கத்துல உட்காருங்க. நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி.

அடுத்த வாரம் சம்பா நடவு. கண்டிப்பா எழுதுறேன்.